பன்னிரண்டில் ஒரு பங்கு வண்டி

மரண விசாரணை மறுபடி கூடுவதற்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. வாசில் ஹிரின்சுக்கின் சமையலறை மேஜையில் சாப்பாட்டுத் தட்டு வைக்கக்கூட இடமில்லை. சரக்கு ரயிலின் கடைசியில் ஓடுகிற கார்டு வண்டி ஒன்று மேஜை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டரை அடி நீளம். நிஜ வண்டியில் ஓரடி என்றால் இதில் ஓரங்குலம். செங்கல் சிவப்புப் பலகைகள், இரண்டு முனையிலும் இரும்புப் படிகள், உள்ளே நிலக்கரி அடுப்பு, படுக்கைப் பலகை, கூரைக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூடு. அந்தக் கூட்டுக்குள் ஏறி உட்கார்ந்துதான் கார்டு முன்னால் போகிற அறுபது வண்டிகளையும் பார்த்துக்கொண்டு வருவான். அடுப்புக் கதவு திறந்து மூடும். திறந்து மூடி யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் வாசிலுக்குக் கோபம் வந்துவிடும். அசலில் திறந்து மூடியது, ஆகவே இதிலும் திறந்து மூடுகிறது. அவன் அப்படிப்பட்ட ஆள்.

அசல் வண்டி இப்போது இல்லை. ஜனவரி ஒன்பதாம் தேதி காலை ஓநாய் மலை இறக்கத்தில் அந்த ரயில் பிடிமானம் இல்லாமல் ஓடியது. ரயிலின் நடுவில் எங்கோ காற்றுக் குழாய்க்குள் பனிக்கட்டி அடைத்துக்கொண்டதாம். டிரைவர் பிரேக் போட்டபோது முன்னால் இருந்த பத்து வண்டிகள்தான் பிடித்தன, மீதி ஐம்பதும் பின்னாலிருந்து தள்ளின. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் கார்டு வண்டியின் கண்ணாடிக் கூட்டில் ஒரு சிவப்புக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். கார்டு அதை இழுத்தால் பின்பக்கத்துக் காற்று வெளியேறி எல்லாச் சக்கரமும் இறுகும். ரயில் நிற்கவில்லை. வளைவில் கவிழ்ந்தது. எஞ்சினில் இருந்த இரண்டு பேரும், கார்டு வண்டியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த பிரேக் வேலையாள் கிளிஃபும் செத்துப் போனார்கள். அடுப்பு சரிந்து வண்டி எரிந்து சாம்பலானது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பனியில் போய் விழுந்த கார்டு மட்டும் ஒரு தோளும் நான்கு விலா எலும்பும் முறிந்து பிழைத்தான். அவன் பெயர் ஹெக்டர் லமூரோ. வாசிலின் தங்கை ஒலேனாவின் புருஷன்.

"இழுத்தேன்," என்று ஹெக்டர் ஆஸ்பத்திரியில் சொன்னான். "இழுத்திருந்தால் நின்றிருக்கும்," என்றது கம்பெனி. தூங்கிக்கொண்டிருந்தான் என்று ஊருக்குள் பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். ஜூரி அப்படி எழுதிவிட்டால் அடுத்தது கோர்ட், ஜெயில். அவன் மேலேதான் இருந்தான், விழித்துக்கொண்டுதான் இருந்தான் என்பதைக் காட்ட வேண்டும். கீழே படுத்திருந்தவன் மேல்கூட்டுக் கண்ணாடி வழியாக எப்படி வெளியே போய் விழுவான்? இதை வாயால் சொன்னால் ஜூரியில் இருக்கும் மளிகைக்காரனுக்கும் பல் டாக்டருக்கும் விளங்காது, கண்ணால் பார்க்கட்டும் என்று ஒலேனாதான் அண்ணனை நச்சரித்தாள். வாசில் பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாகக் கார்டு வண்டிகளைச் செப்பனிடுகிறவன். ஐந்து வாரமாக இதே வேலையாக இருந்தான்.

சனிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். ஒலேனா கையில் துணி மூடிய சட்டி, உள்ளே உருளைக்கிழங்கு அடைத்த வரேனிகிக் கொழுக்கட்டை. ஹெக்டரின் இடது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கியது.

"நேத்துலேர்ந்து ஏதாவது சாப்டியா அண்ணா?"

"எங்க வச்சு சாப்பிடறது? மேஜையைப் பாரு."

"வண்டியைத் தூக்கி மடில வச்சுக்க. குழந்தை மாதிரிதானே கொஞ்சிக்கிட்டிருக்கே."

ஹெக்டர் குனிந்து கண்ணாடிக் கூட்டுக்குள் பார்த்தான். உள்ளே நகக்கண் அளவில் ஓர் இருக்கை, பக்கத்தில் நெல் அளவில் ஒரு சிவப்புக் கைப்பிடி.

"ஒரு ஹெக்டர் பொம்மையும் செஞ்சு வச்சிருக்கலாமே மச்சான். வாயைப் பொளந்துகிட்டுக் குறட்டை விடற மாதிரி. கம்பெனிக்காரனுங்க கைதட்டுவானுங்க."

"வாயை மூடுங்க," என்றாள் ஒலேனா.

"மூடிக்கறேன். திங்கட்கிழமை மட்டும் தொறக்கறேன்." அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் ஒத்துக்கப் போறேன் வாசில்."

"என்னத்த?"

"இழுக்கலன்னு."

ஒலேனா சட்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டுத் திரும்பவேயில்லை. அவளுக்கு இது வரும் வழியிலேயே தெரிந்திருக்க வேண்டும். வாசில் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தான்.

"பைத்தியமா உனக்கு? இழுத்தேன்னுதானே சொன்னே?"

"சொன்னேன். யோசிச்சுப் பாரு. இழுத்திருந்தா நின்னிருக்கும். நிக்கல. அப்ப என்ன அர்த்தம்? தெனம் கனவுல இழுக்கறேன் மச்சான். கை வலிக்க வலிக்க இழுக்கறேன். கனவுல இழுத்ததைத்தான் நெஜம்னு பிடிச்சுக்கிட்டிருக்கேனோ என்னவோ. கிளிஃபோட பொண்டாட்டி தெருவுல என்னைப் பாத்தா எதிர்ப்பக்கம் போயிடறா. ஒத்துக்கிட்டா அவளுக்காவது ஒரு முடிவு கெடைக்கும்ல."

"திங்கட்கிழமை வரைக்கும் பொறு. இதை நான் காட்டறேன். நீ மேலதான் இருந்தேன்னு ஆகிடும்."

"மேல இருந்தும் இழுக்கலன்னு ஆகும். அது இன்னும் கேவலம்." ஹெக்டர் சிரித்தான்.

அவர்கள் போன பிறகு வாசில் கோபத்தோடு வேலைக்கு உட்கார்ந்தான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு குழாய். தரைக்கு அடியிலிருந்து சுவருக்குள் ஏறி, மேலே சிவப்புக் கைப்பிடிக்குப் போகிற காற்றுக் குழாய். கம்பெனி வரைபடத்தில் அது நேராகப் போகும். ஹெக்டரின் வண்டியில் அப்படிப் போகவில்லை. கூட்டில் உட்கார்ந்தால் குழாய் முழங்காலில் இடிக்கிறது என்று ஹெக்டர் புலம்பினான், போன நவம்பரில் வாசில்தான் அதை நகர்த்திக் கொடுத்தான்.

இதெல்லாம் அங்கே சகஜம். கார்டாக ஆனவனுக்குக் கம்பெனி ஒரு வண்டியை ஒதுக்கும், அவன் ஓய்வு பெறும் வரை அது அவன் வீடு. அலமாரி வேண்டுமா, கொக்கி வேண்டுமா, பட்டறையில் தெரிந்தவன் காதில் போட்டால் போதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிந்துவிடும். வேலைச் சீட்டு எழுதுவதில்லை. எழுதினால் மேஸ்திரி கேள்வி கேட்பான். கூலி என்று பேச்சே கிடையாது, வேட்டை சீசனில் மூஸ் மான் தொடை ஒன்று வீடு தேடி வரும். வாசிலுக்கும் வந்தது.

பித்தளைக் கம்பியை வளைத்தான். வளைவுக்குக் கீழே கடுகு அளவில் ஒரு திருகை ஒட்டினான். குழாயை அடைக்கவும் திறக்கவும் அந்தத் திருகு. வரைபடத்தில் அதுவும் கிடையாது, குழாயை வெட்டி ஒட்டும்போது அவனே சேர்த்தது. பிறகு அதை மறைக்கிற பலகையை எடுத்துப் பசை தடவினான். வைக்கப் போனவன் நின்றுவிட்டான்.

திருகின் பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றது.

பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பட்டறையில் முதல் நாள் சேர்கிறவனுக்கும் இது தெரியும். அவன் கவனித்து அப்படி ஒட்டவில்லை, கை தானாக ஒட்டியிருந்தது. தப்பாக ஒட்டிவிட்டோம் என்று இடுக்கியை எடுத்தான். அப்போதுதான் நவம்பர் மாதத்து அந்த மதியம் முழுவதும் அவன் கண் முன்னால் வந்து நின்றது.

அன்று குழாயின் மேல் இணைப்புக்கு வெள்ளை ஈயப் பசை பூசினான். பசை காய ஒரு ராத்திரி ஆகும், அதற்குள் யாராவது வண்டியில் காற்று ஏற்றினால் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று திருகைக் குறுக்கே திருப்பி மூடினான். மூடிய திருகில் பேர் எழுதிய சிவப்பு அட்டை மாட்ட வேண்டும், அது விதி. அட்டை வாங்க வேலைச் சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டு ஏது? சுவர் திறந்து கிடந்தால் மேஸ்திரி கண்ணில் படுமே என்று பலகையையும் வைத்து நாலு ஆணி அடித்தான். காலையில் வந்து முதல் வேலையாகத் திறந்துவிடலாம் என்று போனான். காலையில் வந்தபோது தண்டவாளம் காலியாக இருந்தது. விடியற்காலை ரயிலுக்கு ஹெக்டர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. பார்த்தது ஞாபகம் இல்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தும் இல்லை. ஏனென்றால் பார்க்கவில்லை.

ஹெக்டர் இழுத்திருக்கிறான். கை வலிக்க வலிக்க இழுத்திருக்கிறான். திருகு மூடியிருந்ததால் காற்று வெளியேறவில்லை, அவ்வளவுதான்.

வாசில் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று பேர். டிரைவர் டல்லக்கோடு அவன் சீட்டாடியிருக்கிறான். கிளிஃபின் கல்யாணத்தில் குடித்துவிட்டு ஆடியிருக்கிறான். வண்டியைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்று நினைத்தான். திருகைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகையை ஒட்டினால் போதும், உலகத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது என்றும் நினைத்தான். நினைத்தான் என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அரை மணி நேரம் அதையேதான் நினைத்தான். அந்த அரை மணியில் தன்னைப் பற்றி அவனுக்கு ஐம்பத்தொரு வயதுவரை தெரியாதது எல்லாம் தெரிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓநாய் மலை வளைவுக்குப் போனான். அந்தத் திருகு கையில் கிடைத்துவிட்டால் வாதத்துக்கே இடமில்லை. ஆனால் விபத்து நடந்த இரண்டே நாளில் கம்பெனி பாதையைத் திறந்திருந்தது. எரிந்ததையும் நொறுங்கியதையும் சேர்த்து ஆற்றுப் பள்ளத்தில் தள்ளியிருந்தார்கள். மேலே ஐந்தடி பனி. மதியம் வரை தோண்டினான். ஒரு சக்கர அச்சு கிடைத்தது, உருகிய கண்ணாடி கிடைத்தது, கிளிஃபின் தேநீர்க் கெட்டில் கிடைத்தது. பித்தளை என்று ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குக் கீழே ஆறு உறைந்து கிடந்தது. கையுறை கிழிந்து விரல் வெடித்து ரத்தம் வந்த பிறகும் பைத்தியக்காரன் மாதிரி பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டிருந்தான். ரோந்து வந்த தண்டவாளக்காரன் ஒருவன்தான் அவனைப் பிடித்து மேலே ஏற்றி வீட்டுக்கு அனுப்பினான்.

வழியில் ஒலேனா வீட்டு வாசலில் நின்றான். கதவைத் தட்டவில்லை. நாளைக்கு எல்லார் முன்னாலும் சொல்லத்தானே போகிறோம், இன்றைக்கு ஒரு நாள் அவள் அண்ணனாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று நினைத்தான். அது கோழைத்தனம்தான்.

திங்கட்கிழமை முன்னாள் ராணுவத்தினர் சங்கக் கூடத்தில் விசாரணை. முதல் வரிசையில் மூன்று விதவைகள். மேடைக்குக் கீழே ஒரு மேஜையில் வாசில் வண்டியை வைத்தபோது கூடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஜூரி ஆறு பேரும் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கார்டு எங்கே இருந்தார்னு காட்டுங்க," என்றார் விசாரணை அதிகாரி டாக்டர் ஆர்க்வெல்.

வாசில் காட்டவில்லை. லேசாகப் பொருத்தியிருந்த சுவர்ப் பலகையை நகத்தால் பெயர்த்து எடுத்தான். "இங்க ஒரு திருகு இருக்கு. மூடியிருக்கு. நெஜ வண்டிலயும் மூடித்தான் இருந்துச்சு. மூடினது நான். தொறக்க மறந்தேன். ஹெக்டர் இழுத்தான். நூறு தடவை இழுத்திருந்தாலும் ரயில் நின்னிருக்காது. மூணு பேர் செத்ததுக்கு நான்தான் காரணம்."

வாசிலுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கம்பெனி வக்கீல் பிரிங்கிள் மெதுவாக எழுந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அனுதாபத்தோடுதான் பேசினார்.

"மிஸ்டர் ஹிரின்சுக், இந்தத் திருகு கம்பெனி வரைபடத்துல இருக்கா?"

"இல்ல. நான் வச்சது."

"வேலைச் சீட்டு?"

"எழுதல."

"சிவப்பு அட்டை?"

"சீட்டு இல்லாம அட்டை தரமாட்டாங்க."

"பக்கத்துல இருந்து பாத்தவங்க யாராவது?"

"எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க."

"அஞ்சு வாரத்துல ஒரு தடவையாவது இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சனிக்கிழமைதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு."

"சனிக்கிழமை. அன்னிக்குக் காலைல உங்க தங்கையும் மாப்பிள்ளையும் உங்களைப் பாக்க வந்தாங்க, இல்லையா?"

"வந்தாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல!"

பிரிங்கிள் ஜூரி பக்கம் திரும்பினார். "இந்த வண்டியைப் பாருங்க. ஆணித்தலை ஒண்ணொண்ணும் தனித்தனியா வச்சிருக்கார். நான் எண்ணிப் பாத்தேன், ஒரு பலகைக்கு எத்தனையோ அத்தனையும் இருக்கு. இருபத்தெட்டு வருஷத்துல இவர் பேர்ல ஒரு தப்புகூடப் பதிவாகல. பட்டறை மேஸ்திரி வெளிய உக்காந்திருக்கார், கேட்டா அவரே சொல்வார். இப்படிப்பட்ட மனுஷன் ஒரு திருகைத் திறக்க மறந்துட்டாராம். தங்கை மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக நான் இவரைக் குறை சொல்லமாட்டேன்."

"நான் பொய் சொல்லல!" வாசில் கத்தினான். "ஆத்துப் பள்ளத்துல தோண்டிப் பாருங்க! பனி உருகட்டும், நானே எடுத்துத் தரேன்!"

"உக்காருங்க," என்றார் டாக்டர் ஆர்க்வெல். "சத்தியம் பண்ணிட்டுப் பேசறீங்கன்னு ஞாபகம் இருக்கட்டும். பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனைன்னு தெரியும்ல?"

அந்தச் சொல்தான் கெடுத்தது. பொய்ச் சாட்சி என்று கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஹெக்டர் எழுந்துவிட்டான். கூப்பிடுவதற்கு முன்பே நடந்து வந்தான்.

"ஐயா, அவனை விட்டுடுங்க. பைப்பு முழங்கால்ல இடிச்சுது, அவன் நகர்த்திக் குடுத்தது உண்மை. மத்ததெல்லாம் எனக்காகச் சொல்றான். நான் இழுக்கல."

"ஹெக்டர்!"

"இழுக்கல ஐயா. மேலதான் உக்காந்திருந்தேன். பயத்துல கை வரல. எழுதிக்கோங்க."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஜூரி உள்ளே போய் இருபது நிமிஷத்தில் திரும்பியது. கார்டு கடமை தவறியதால் மூவரும் இறந்தார்கள் என்று மளிகைக்காரன் காகிதத்தைப் பார்த்துப் படித்தான். வாசிலின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. கிளிஃபின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மேஸ்திரி வாசிலின் அருகில் வந்து, "வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பேசிக்கறேன், நாளைக்கு வந்துடு," என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே படிக்கட்டில் ஒலேனா ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு முழுக்கக் குலுங்கியது. "எங்களுக்காக எவ்வளவு பெரிய பழியைத் தூக்கித் தலைல போட்டுக்கிட்டே அண்ணா. சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"பழி இல்லடி. நெஜம். நெஜம்னு சொல்றேன்ல!"

"சரி. அழாதே."

அவளை விலக்கிவிட்டு ஹெக்டரைப் போய்ப் பிடித்தான். முறிந்த தோள் என்பதுகூட ஞாபகமில்லாமல் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "நீ இழுத்தே! கேளு. நீ இழுத்தே! திருகு மூடியிருந்துச்சு. என் கையால மூடினேன். ஏசு மேல சத்தியம். என்னை அடி. பல்லை உடை. ஆனா நீ இழுத்தேன்னு நம்பு, ஹெக்டர். நீயாவது நம்பு!"

ஹெக்டருக்கு வலித்திருக்கும். முகம் வெளுத்தது, ஆனால் அவன் கையைத் தட்டிவிடவில்லை. நல்ல கையால் வாசிலின் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"நீயா மச்சான்? நீ போட்ட ஆணி ஒண்ணு இதுவரைக்கும் ஆடியிருக்கா? இந்த ஊரே சொல்லும். எனக்காக நீ பொய் சொன்னது போதும்."

"பொய் இல்ல... பொய் இல்ல..."

"சரி, சரி. இழுத்தேன். போதுமா? இழுத்தேன்," என்றான் ஹெக்டர், அழுகிற குழந்தைக்கு ஆமாம் போடுகிற குரலில். பிறகு வாசிலின் தோளைப் பிடித்து, வழுக்கும் படிகளில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அவனைக் கீழே இறக்கிக் கூட்டிக்கொண்டு போனான்.